தமனி அடைப்புள்ள கால் வீங்கினால் உயர்த்தி வைக்கலாமா?

கேள்வி:
உயர் இரத்த அழுத்தமும் கால் தமனிகளில் அடைப்பும் உள்ள முதியவர் ஒருவரைப் பராமரித்து வருகிறேன். மாலையில் அவருடைய கணுக்கால்கள் வீங்குகின்றன. கால்களைத் தலையணைமேல் உயர்த்தி, அழுத்தக் காலுறை அணிவிக்கலாமா?

செவிலியர் ஒருவரின் பதில்:
இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். சிரை (இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பி அனுப்பும் குழாய்) நோயால் வரும் வீக்கத்திற்கு அவை பயன் தரும். ஆனால் தமனி அடைபட்ட காலுக்கு ஏற்கெனவே குறைவாகவே இரத்தம் சென்று சேர்வதால், அதே செயல் தோலையும் விரல்களையும் பட்டினி போட்டுவிடும். முதலில் கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடும் விகிதத்தை அளக்கச் சொல்லுங்கள். அது 0.5-க்குக் கீழே இருந்தால் அழுத்தக் கட்டே கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்குத் தமனிச் சுவர் இறுகியிருப்பதால் இந்த விகிதம் பொய்யாக உயர்ந்து காட்டக்கூடும்.

மற்றொருவரின் பதில்:
அவர் இரத்த அழுத்தத்திற்கான அம்லோடிபின் மாத்திரை உட்கொள்கிறாரா? அம்மாத்திரையே கணுக்கால் வீக்கத்தை உண்டாக்கக்கூடும். நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். இரத்த அழுத்தத்தை 5 நிமிடம் அமர்ந்திருந்த பின்னும், எழுந்து நின்ற 3 நிமிடத்திற்குள்ளும் அளந்து பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால், அவர் தலைசுற்றி விழ வாய்ப்புண்டு.

கேள்வி கேட்டவர்:
ஆம், அம்லோடிபின்தான். நாளையே மருத்துவரிடம் சொல்கிறேன். பாதங்கள் சில்லென்று இருப்பதால் வெந்நீர்ப் பை வைக்கலாமா?

செவிலியர்:
கூடவே கூடாது. உணர்வு மங்கிய பாதம் சூட்டை அறியாது. இரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் ஏற்படும் தீப்புண் எளிதில் ஆறாது. தளர்வான பருத்திக் காலுறை போதும். கால் திடீரென வெளுத்து, குளிர்ந்து, கடும் வலி எடுத்தால் சிறிதும் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.