டோரோ ஆற்றில் சிறு கப்பல்: 7 இரவு தேவையா, எந்த மாதம், எந்த கேபின்?

மலைநதி (கேள்வி)

போர்ச்சுகலில் போர்ட்டோவிலிருந்து கிளம்பி, டோரோ ஆற்றின் வழியே ஸ்பெயின் எல்லைவரை போய்த் திரும்பும் 7 இரவுக் கப்பல் பயணத்தைப் பதிவு செய்யும் யோசனையில் இருக்கிறோம். நான்கு பேர். இருவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, அதில் ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவர் சுத்த சைவம், மதுவும் தொடமாட்டார். மற்ற இருவருக்கும் அந்தப் பகுதியின் இனிப்பான போர்ட் ஒயினைப் பற்றி முறையாகத் தெரிந்துகொள்ள ஆசை.

கேட்க வேண்டியவை: ஐரோப்பிய ஆறுகளில் கோடையில் நீர் வற்றிக் கப்பல் நின்றுவிடுவதாகச் சொல்கிறார்களே, இங்கும் அப்படி ஆகுமா? எந்த மாதம் நல்லது? கீழ்த்தள கேபின் விலை குறைவாக இருக்கிறது, எடுக்கலாமா? ஒயின் தோட்டங்களுக்குப் போனால் என்ன கேட்க வேண்டும்? வழியில் பார்க்க வேண்டிய பழைய இடங்கள் எவை?

படகுத்துறை

முதலில் நீர் மட்டம். ரைன், டான்யூப் ஆறுகளில் வரும் கோடை வறட்சிப் பிரச்சினை டோரோவில் இல்லை. போர்ட்டோ முகத்துவாரத்திலிருந்து எல்லை ஊரான பார்க்கா டால்வா வரை சுமார் 210 கிலோமீட்டர். அதற்குள் ஐந்து அணைகள்: கிரெஷ்டுமா, கராபட்டெலோ, ரேகுவா, வலேய்ரா, பொசின்யோ. ஒரு காலத்தில் பாறையும் சுழலுமாகச் சீறிய ஆறு, இந்த அணைகளால் ஐந்து நீண்ட ஏரிகளைப் போல ஆகிவிட்டது. ஆகவே கோடையிலும் ஆழம் குறையாது.

இங்கே ஆபத்து அதற்கு நேர்மாறானது. குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் பெருமழை பெய்து ஆற்றில் நீர்வரத்து கூடினால் லாக்குகளை (அணையைக் கடக்கக் கப்பலை நீரோடு ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகளை) மூடிவிடுவார்கள். அப்போது கப்பல் துறையிலேயே தங்கும் விடுதியாகிவிடும், சுற்றிப் பார்ப்பதெல்லாம் பேருந்தில்தான். மார்ச் மாதப் பயணம் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பதிவு செய்யும்முன், கப்பல் நகர முடியாமல் எத்தனை நாள் நின்றால் பணம் திரும்பும் என்ற விதியை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இந்த ஆற்றில் பயணிகள் கப்பல்கள் இரவில் ஓடுவதில்லை. இருட்டும் முன் ஏதாவது ஒரு துறையில் கட்டிவிடுவார்கள். கண்விழித்தால் புது ஊர் என்ற மற்ற ஆற்றுப் பயணங்களின் கணக்கு இங்கே செல்லாது. பார்க்க வேண்டிய கரைகள் எல்லாம் பகல் வெளிச்சத்திலேயே வரும், தூக்கமும் குலுங்காது. ஆனால் பகலில் பேருந்துச் சுற்றுலா வைத்துவிட்டு, அந்த நேரத்தில் கப்பலை வெறுமனே அடுத்த துறைக்கு ஓட்டிப்போகும் நிறுவனங்களும் உண்டு. நீங்கள் பேருந்தில் இருக்கும்போது ரேகுவாவுக்கும் பொசின்யோவுக்கும் இடைப்பட்ட பகுதியைக் கப்பல் கடந்துவிட்டால் பயணத்தின் உயிரே போய்விட்டது என்று அர்த்தம். நாள்வாரி நிரலில் எந்த மணிக்கு எந்த இடத்தைக் கடக்கிறது என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் வேறு கப்பல் பாருங்கள்.

லாக்கைக் கடக்கும்போது எல்லோரும் மேல்தளத்துக்கு வந்து பாருங்கள். கராபட்டெலோ லாக் கப்பலை 35 மீட்டர் தூக்குகிறது, ஏறக்குறைய பத்து மாடி உயரம். லாக்கின் அகலம் 12.1 மீட்டர், பெரிய கப்பல்களின் அகலம் 11.4 மீட்டர். பக்கத்துக்கு ஒரு முழத்துக்கும் குறைவான இடைவெளிதான் மிஞ்சும். கம்பிக்கு வெளியே கையையோ கேமராவையோ நீட்டவே கூடாது. மேலே தூக்கப்பட்ட இரும்புக் கதவிலிருந்து தண்ணீர் சொட்டும், தலையில் துண்டு இருந்தால் நல்லது. தாழ்வான பாலங்கள் வரும்போது மேல்தளப் பந்தலை மடக்கி, மாலுமி அறையைக் கீழிறக்கி, எல்லோரையும் உட்காரச் சொல்வார்கள். அந்த நேரத்தில் படம் எடுக்க எழுந்து நிற்பது உயிரோடு விளையாடுவது.

மாதம்: மே, ஜூன் தொடக்கம், செப்டம்பர் நடுப்பகுதி முதல் அக்டோபர் கடைசி வரை. ஜூலை, ஆகஸ்டில், ஒயின் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பின்யாவ் ஊர்ப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம். இருபுறமும் மலை, நடுவில் கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு, வெயிலில் காய்ந்த பாறை இரவெல்லாம் சூட்டைக் கக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது ஆகாது. திராட்சை அறுவடை பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர் பாதிக்குப் பிறகு. கொடிகள் சிவப்பும் மஞ்சளுமாக மாறும் அழகு வேண்டுமென்றால் அக்டோபர் கடைசி.

கேபின்: கீழ்த்தளத்தில் ஜன்னல் நீர்மட்டத்தை ஒட்டி, திறக்க முடியாததாக இருக்கும். பகலெல்லாம் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு அது குறையில்லை. ஆனால் பல கப்பல்களில் லிஃப்ட் கீழ்த்தளம்வரை போகாது, சிலவற்றில் லிஃப்டே கிடையாது. முழங்கால் வலி உள்ளவருக்கு வரவேற்பறையும் சாப்பாட்டு அறையும் இருக்கும் தளத்திலேயே கேபின் எடுங்கள். பால்கனிக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ரேகுவாவிலும், போர்ட்டோவுக்கு எதிர்க்கரையில் உள்ள கையாவிலும் கப்பல்களைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துக் கட்டுவார்கள், உங்கள் பால்கனிக்கு எதிரே பக்கத்துக் கப்பலின் சுவர்தான் தெரியும். கரைக்குப் போக அந்தக் கப்பலுக்குள் நுழைந்து, சில நேரம் மேல்தளம்வரை ஏறி இறங்கிப் போக வேண்டியிருக்கும். இதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கருந்திராட்சை

ஒயின் பக்கத்தை நான் சொல்கிறேன். தோட்டத்தை அங்கே கிண்டா என்பார்கள். சுற்றிக் காட்டுபவர் சொல்வது புரிய வேண்டுமென்றால் போர்ட் எப்படி உருவாகிறது என்பதை முன்பே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

திராட்சைச் சாறு நொதிக்கத் தொடங்கி இரண்டு மூன்று நாளில், சர்க்கரையில் பாதி ஆல்கஹாலாக மாறிய நிலையில், 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தைச் சேர்ப்பார்கள். மரபான கணக்கு 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் சாராயம். மொத்தம் 550 லிட்டர், அதுதான் ஒரு பைப், அந்தத் தொழிலின் அடிப்படை அளவு. ஈஸ்ட் அதோடு செத்துவிடும், மிச்சச் சர்க்கரை இனிப்பாகத் தங்கிவிடும். இறுதியில் ஆல்கஹால் 19 முதல் 22 சதவீதம்.

காலால் மிதிப்பதும் இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. சாதாரண சிவப்பு ஒயினுக்குத் தோலிலிருந்து நிறம் இறங்க ஒரு வாரம், பத்து நாள் கிடைக்கும். போர்ட்டுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நாள்தான். அந்தக் குறுகிய நேரத்தில் தோலைக் கசக்கி நிறத்தை எடுக்க வேண்டும், ஆனால் விதை உடையக் கூடாது, உடைந்தால் கசப்பு இறங்கிவிடும். மனிதப் பாதத்துக்கு அந்தப் பக்குவம் இயல்பாகவே உண்டு. லகார் என்ற அகலமான கருங்கல் தொட்டிக்குள் தோளோடு தோள் கோத்து வரிசையாக நின்று மிதிப்பார்கள். பகலில் பறித்து மாலையில்தான் மிதிப்பது வழக்கம். கப்பல்காரர்கள் பெரும்பாலும் காலையில் தோட்டத்துக்கு அழைத்துப் போவதால் பலர் வெறும் தொட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அறுவடைக் காலத்தில் போவதானால், பின்யாவில் இரவு தங்கும் கப்பலா, மாலையில் தோட்டம் போக வழி உண்டா என்று கேளுங்கள்.

ருசி பார்க்கும்போது வரிசை முக்கியம். முதலில் வெள்ளை ஒயின், அடுத்து இனிப்பில்லாத டோரோ சிவப்பு, பிறகு போர்ட் வகைகளான ரூபி (அதிகம் முதிராத சிவப்பு போர்ட்), எல்.பி.வி. (தாமதமாகப் பாட்டிலில் அடைத்தது), கடைசியில் டானி. இனிப்பானதை முதலில் குடித்துவிட்டால் அதற்குப்பின் வரும் நல்ல சிவப்பு ஒயினும் புளிப்பாகத் தெரியும். ருசித்துவிட்டுத் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், அதைப் பயன்படுத்துவது மரியாதைக் குறைவு அல்ல. 20 சதவீத ஆல்கஹாலில் ஐந்து வகையை விழுங்கினால் மதியப் பயணம் தூக்கத்தில் போய்விடும்.

வகைகள் சுருக்கமாக: டானி மரப்பீப்பாயில் பல ஆண்டு காற்றோடு பழகி நிறம் வெளுத்தது, வாதுமை, உலர்ந்த அத்தி வாசனை. பாட்டில் சீட்டில் உள்ள 10, 20, 30, 40 என்ற எண் கலவையின் சுவைத் தரத்தைக் குறிப்பது, உள்ளே இருக்கும் ஒவ்வொரு துளியின் வயது அல்ல. ஒரே ஆண்டின் டானிக்குக் கொல்யெய்ட்டா என்று பெயர், குறைந்தது ஏழு ஆண்டு பீப்பாயில் இருக்க வேண்டும். விண்டேஜ் என்பது சிறந்த ஆண்டுகளில் மட்டும் அறிவிக்கப்பட்டு, இரண்டாம் மூன்றாம் ஆண்டுக்குள் பாட்டிலுக்குப் போய், பாட்டிலுக்குள்ளேயே முதிர்வது. எல்.பி.வி. நான்கிலிருந்து ஆறு ஆண்டுக்குள் பாட்டிலாகும். திறந்த விண்டேஜை ஓரிரு நாளில் முடித்துவிட வேண்டும். டானி குளிர்ப்பெட்டியில் சில வாரம் தாங்கும். வீட்டுக்கு ஒன்றே ஒன்று வாங்குவதானால் 20 ஆண்டு டானி வாங்குங்கள். பாட்டில் கழுத்தில் டோரோ, போர்ட் ஒயின்களுக்கான அரசு நிறுவனத்தின் முத்திரைத் தாள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

விமானத்தில் 24 சதவீதத்துக்குக் குறைவான மதுவுக்குப் பாதுகாப்பு விதிப்படி அளவுத் தடை இல்லை, போர்ட் அதற்குள் வருகிறது. போய்ச் சேரும் நாட்டின் சுங்க வரம்பு தனி. பதிவுப் பெட்டியில் வையுங்கள், பாட்டிலைத் துணிக்கு நடுவில் செருகுங்கள், பெட்டியின் ஓரத்தில் வேண்டாம்.

சைவருக்கு: கால்டு வெர்டி என்ற கீரை சூப் சைவம்போலத் தெரியும், ஆனால் சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சித் துண்டு போடுவது வழக்கம். சோற்றையும் இறைச்சிச் சாற்றில் வேகவைப்பது உண்டு. பதிவின்போதே ‘இறைச்சி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம்’ என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுங்கள். வெறுமனே ‘சைவம்’ என்றால் மீன் வந்து நிற்கக்கூடும். மது தொடாதவருக்கு ஆலிவ் எண்ணெய் ருசிக்கும் நிகழ்ச்சி நல்ல மாற்று. மேல் டோரோவில் ஆலிவும் வாதுமையும் நிறைய. பின்யாவுக்கு மேலே ஃபவாயோஸ் கிராமத்தில் ரொட்டிக்கும் ஒயினுக்குமான அருங்காட்சியகம் இருக்கிறது.

பழங்கல்

வரலாற்றில் ஆர்வம் இருந்தால் 1756 என்ற ஆண்டிலிருந்து தொடங்குங்கள். அதற்குமுன் போர்ட் வியாபாரத்தில் கலப்படம் மலிந்து, நிறத்துக்கு எல்டர் என்ற கருநிறச் சிறுபழத்தின் சாற்றைக்கூடச் சேர்த்தார்கள். போர்ச்சுகலின் அன்றைய அமைச்சர் பொம்பால் பிரபு அரசு ஆதரவில் ஒரு கம்பெனியை நிறுவி, எந்த நிலத்துத் திராட்சை போர்ட்டுக்கு உரியது என்று எல்லை வகுத்து, கருங்கல் தூண்கள் நட்டார். எல்டர் மரங்களைப் பிடுங்கவும் உத்தரவு போனது. கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து 1757ல் போர்ட்டோவில் கலகம் வெடித்து, தூக்குத் தண்டனைகளில் முடிந்தது. அந்தத் தூண்களில் சில இன்றும் தோட்டங்களில் நிற்கின்றன. வழிகாட்டியிடம் கேட்டால் காட்டுவார், கேட்காவிட்டால் பலரும் சொல்வதில்லை.

கப்பலில் தவறவே விடக்கூடாத இடம் வலேய்ரா மலையிடுக்கு. இங்கே பெரிய பாறை ஆற்றை மறித்து நின்றது. 1780 முதல் 1792 வரை வெடிவைத்து உடைத்த பிறகே மேல் டோரோவுக்குப் படகு போனது. உடைத்த பின்னும் சுழல் அடங்கவில்லை. டோரோவின் வரைபடங்களைத் தயாரித்த ஃபாரெஸ்டர் பிரபு 1861ல் இங்கேதான் மூழ்கினார். அதே படகில் இருந்த தோட்ட உரிமையாளர் டோனா அன்டோனியா ஃபெரேரா, அகன்ற பாவாடை மிதவையாகத் தாங்கியதால் பிழைத்தார் என்று கதை சொல்வார்கள். இன்று அணைநீர் அந்தச் சுழலை மூடிவிட்டது. செங்குத்துப் பாறைச் சுவர்களைப் பார்த்தால் பழைய படகோட்டிகளின் அச்சம் புரியும்.

ஸ்பெயினின் சலமன்கா நகருக்குப் போகும் நாள் பற்றி என் கருத்து கொஞ்சம் மாறுபட்டது. 7 இரவுப் பயணங்கள் எல்லாமே இதைப் பெரிதாக விளம்பரம் செய்கின்றன. 1218ல் தோன்றிய பல்கலைக்கழக நகரம், அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் எல்லையிலிருந்து பேருந்தில் போக வர நான்கு மணி நேரம். முழங்கால் வலி உள்ளவருக்கு அது கொடுமை. அதற்குப் பதில் கோவா பள்ளத்தாக்கைப் பாருங்கள் (இந்தியக் கோவா அல்ல, டோரோவில் கலக்கும் கிளையாறு). கற்காலத்தில் திறந்தவெளிப் பாறைகளில் கீறிய குதிரை, காட்டுமாடு, மலையாட்டு உருவங்கள். அங்கே அணை கட்டத் தொடங்கிய பிறகு 1990களில் எதிர்ப்பு எழுந்து, அணையையே கைவிட்டார்கள். 1998ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பாறைகளுக்கு ஜீப்பில் சிறு குழுவாகத்தான் அனுமதி, முன்பதிவு கட்டாயம். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் கீறல் தெரியும். ஆகவே அங்குள்ள பாறைப் பகுதிகளில் கனடா டோ இன்ஃபெர்னோவைக் காலையில், பெனஸ்கோசாவை மாலையில் பாருங்கள். கரடுமுரடான பாதை சிரமம் என்றால் மலையுச்சி அருங்காட்சியகமே போதும்.

லமேகோ ஊரின் ரெமேடியோஸ் மாதா கோயிலுக்கு 686 படிகள். பேருந்து உச்சிவரை போகும். மேலே இறங்கி, முடிந்தவர்கள் மட்டும் படி வழியே கீழே வரட்டும். கையாவில் ஆற்றங்கரையிலிருந்து மேலே போகக் கம்பிவடக் கார் உண்டு.

மலைநதி

நன்றி. கோவா யோசனை வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பெரியவர்களுக்கு 7 இரவு நீளமென்று தோன்றினால், ரயிலில் போய்ச் சிறு படகு எடுப்பது சரிவருமா?

படகுத்துறை

சரிவரும். போர்ட்டோவிலிருந்து பின்யாவுக்கு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம், சில ரயில்களில் ரேகுவாவில் மாற வேண்டும். போகும்போது வலப்பக்க ஜன்னல். முதல் ஒரு மணி நேரத்துக்கு ஆறு கண்ணில் படாது, அதைக் கண்டு ஏமாறவேண்டாம். அதன்பின் தண்டவாளம் தண்ணீரை ஒட்டியே ஓடும். பின்யாவ் நிலையச் சுவரில் அறுவடைக் காட்சிகளுடன் நீல நிறப் பளிங்கு ஓடுகளால் ஆன 24 சுவர்ப்படங்கள் இருக்கின்றன, இறங்கியதும் பாருங்கள்.

பின்யாவில் இரண்டு இரவு தங்கி, ரபெலோ வகைப் படகில் ஒரு மணி அல்லது இரண்டு மணிச் சவாரி போகலாம். அந்த அகலமான தட்டைப் படகில்தான் முன்பு பீப்பாய்கள் கையாவுக்கு இறங்கின. இரண்டு மணிச் சவாரியை மாலையில் எடுங்கள், வெயில் தணிந்து, மலைச்சரிவில் படிபோல வெட்டிய தோட்டங்களின் நிழல் விழும் நேரம் அது. மூன்றாம் நாள் அதே ரயிலில் கடைசி நிலையமான பொசின்யோ போனால் வலேய்ராவை ரயிலிலிருந்தே பார்க்கலாம். அங்கிருந்து கோவா அருங்காட்சியகம் டாக்ஸியில் எட்டும் தூரம், திரும்பும் டாக்ஸியையும் அப்போதே பேசிவிடுங்கள். இந்த வழியில் இழப்பது லாக்குகளை. கராபட்டெலோவையும் விட மனமில்லை என்றால், போர்ட்டோவிலிருந்து ரேகுவாவரை பகல் கப்பலில் ஏறி, திரும்பும்போது ரயில் எடுங்கள். அந்தப் பகல் கப்பலில் கிரெஷ்டுமா, கராபட்டெலோ என்ற இரண்டு லாக்குகளும் வந்துவிடும்.