பேனர் தொழிலுடன் புதிய சேவைகளைச் சேர்க்க ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் 12 ஆண்டுகளாகப் பிளக்ஸ் பேனரும் கடைப் பெயர்ப் பலகையும் செய்து தரும் சிறு நிறுவனத்தை நடத்தி வருகிறேன். 2019இல் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த பின் கெடுபிடி அதிகமானதால் (அது நியாயமே), எங்களுக்கு வரும் திருமண பேனர் ஆர்டர்கள் பாதியாகிவிட்டன. எனவே கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்தல், வாட்ஸ்அப் கேட்லாக் (கடைப் பொருட்களைப் படத்துடன் காட்டும் பட்டியல்), ரீல்ஸ் ஆகியவற்றை உள்ளூர்க் கடைகளுக்குச் செய்து தர எண்ணுகிறேன்.

பல ஆண்டுகளாக எங்களிடம் வரும் பாத்திரக் கடைக்காரர் ஒருவர், "பேனர்னா சதுர அடி அளந்து காசு கொடுப்பேன், இதை எதை வச்சு அளக்கிறது தம்பி?" என்று கேட்டபோது என்னிடம் விடையில்லை. மாதக் கட்டணம், வேலைக்கேற்ற கட்டணம் ஆகியவற்றுள் எது சிற்றூர்க் கடைக்காரர்களிடம் நிலைக்கிறது? இணையத்தில் விளம்பரம் கொடுத்தால் அதற்கான தொகையை அவர்களே நேரடியாகச் செலுத்துவது நல்லதா, நாம் செலுத்திவிட்டு 18 சதவீத ஜிஎஸ்டியுடன் பில் போடுவது நல்லதா? இதைச் செய்து பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.