சென்னிமலை ரோட்டில் கார் சர்வீஸ் சென்டர்: சுற்றுச்சூழல் அறிக்கையை எங்கிருந்து ஆரம்பிப்பது?

சென்னிமலை ஸ்பேனர் கேட்டது:

வணக்கமுங்க. பதினோரு வருடம் ஈரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தேன். இப்போது பெருந்துறை – சென்னிமலை ரோட்டில் மாமனார் கொடுத்த 42 சென்ட் இடத்தில் சொந்தமாகச் சர்வீஸ் சென்டர் போடப் போகிறேன். இரண்டு லிப்ட், ஒரு வாட்டர் வாஷ் ராம்ப், ஒரு அலைன்மென்ட் பிட். நாளுக்குப் பதினைந்து வண்டி வந்தால் கட்டுப்படியாகும். பெயின்ட் வேலை இப்போதைக்கு இல்லை.

கடன் கேட்ட வங்கியில், இடத்துக்குச் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை கொண்டு வாருங்கள் என்றார்கள். ஒரு ஆலோசகரைப் பிடித்தேன். அவர் இடத்தைப் பார்க்கவே வரவில்லை. பட்டா, எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் (நில அளவை வரைபடம்), ஆதார் நகல் மட்டும் வாங்கிக்கொண்டு பத்தாம் நாள் 38 பக்கம் கொடுத்தார். வாசித்துக்கொண்டே வந்தால் ஒன்பதாம் பக்கத்தில் "பஞ்சுத் தூசி வெளியேறாதவாறு" என்று இருக்கிறது. யாரோ ஒரு நூற்பாலைக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். இடத்துக்குப் பின்னால் கீழ்பவானி வாய்க்கால் பாயும் வயல் இருக்கிறது. கிழக்கே பக்கத்துத் தோட்டத்துக் கிணறு இருக்கிறது. இரண்டைப் பற்றியும் ஒரு வரி கிடையாது. பணம் போனது போகட்டும், அந்தத் தாளில் கையெழுத்துப் போட மனசு வரவில்லை.

இதை நானே எழுத முடியுமா? எழுதினால் எதிலிருந்து ஆரம்பிப்பது? இன்னொன்றும் கேட்க வேண்டும். இடத்தின் முன்பக்கம் பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரு லாரிப் பட்டறை வாடகைக்கு இருந்தது. அதை அறிக்கையில் எழுத வேண்டுமா?

பைல் பார்ப்பவன், ஈரோடு:

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி மத்திய, மாநில அளவில் வாங்கும் சுற்றுச்சூழல் முன் அனுமதி உங்களுக்கு வராது. கட்டடங்களுக்கு அது 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பிலிருந்துதான். உங்கள் 42 சென்ட் மொத்தமே 1,700 சதுர மீட்டர்.

உங்களுக்கு வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை. 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் இரண்டுக்கும் சேர்த்து, கட்டுமானம் தொடங்கும் முன் நிறுவ ஒன்று, தொழில் தொடங்கும் முன் இயக்க ஒன்று. 2016 வகைப்பாட்டில் வாகன சர்வீஸ் ஆரஞ்சு வகை, அதாவது மாசு அளவில் சிவப்புக்கு அடுத்தபடி. 2025-இல் பட்டியலைத் திருத்தியிருக்கிறார்கள், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ளதைப் பாருங்கள். பழைய ஆயில் இருப்பதால் 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி அங்கீகாரமும் வேண்டும். வங்கி கேட்கும் அறிக்கையில் யார் கையெழுத்து செல்லும் என்று வங்கியிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். உள்ளே போகும் விவரத்தை நீங்களே சேகரிப்பதில் தடை ஏதுமில்லை. உங்களைவிட அந்த இடத்தை யாருக்குத் தெரியும்?

ராம்ப்காரர், பொள்ளாச்சி:

தம்பி, பொள்ளாச்சிப் பக்கம் பதினெட்டு வருடமாகச் சர்வீஸ் ஸ்டேஷன் வைத்திருக்கிறேன். நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

கம்ப்யூட்டரை அப்புறம் திறக்கலாம். ஒரு டிராக்டர் டேங்கர் தண்ணீர் வாங்கி, ராம்ப் வரப்போகிற இடத்தில் ஹோஸைப் போட்டு அரை மணி நேரம் திறந்துவிடுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது, எங்கே தேங்குகிறது, எந்த வேலி இடுக்கில் பக்கத்துக் காட்டுக்குள் இறங்குகிறது என்று கூடவே நடந்து பாருங்கள். போனில் படம் எடுங்கள். எஃப்.எம்.பி. ஸ்கெட்ச்சில் பென்சிலால் அம்புக்குறி போடுங்கள். அறிக்கைக்கு அந்த ஸ்கெட்ச்தான் அஸ்திவாரம்.

நான் இதைச் செய்யாமல் கட்டினேன். ராம்ப் கட்டி, கழுவிய தண்ணீரிலிருந்து ஆயிலைப் பிரிக்க மூன்று அறை வைத்த ஆயில் சேம்பர் கட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன். சேம்பருக்கு மேலே கூரை போடவில்லை. 2009 ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல மழை. முற்றத்து மழைத் தண்ணீர் முழுக்க சேம்பருக்குள் இறங்கியது. தண்ணீர் மட்டம் ஏறினால் முதலில் வழிவது மேலே மிதக்கும் ஆயில்தானே. அது பின்பக்கப் பள்ளத்தில் ஓடி, பள்ளத்தை ஒட்டியிருந்த தென்னந்தோப்புக் கிணற்றில் இறங்கிவிட்டது. காலையில் தோட்டத்துப் பெரியவர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். திட்டுவார் என்று போனேன். அவர் ஒரு வாளி தண்ணீர் சேந்தி என் காலடியில் வைத்துவிட்டு, "நீங்களே பாருங்க தம்பி" என்றார். வாளியின் மேலே வானவில் நிறத்தில் படலம். பக்கத்தில் கட்டியிருந்த எருமை அந்தத் தண்ணீரில் வாய் வைக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றது.

பனியன் வேஸ்ட்டை (பனியன் கம்பெனிக் கழிவுத் துணி) மூட்டையாகக் கட்டிக் கயிற்றில் இறக்கி, மிதந்ததை ஒற்றி எடுத்தோம். ஆறு நாள் ஆனது. அதுவரை அவர் வீட்டுக்கும் மாடு கன்றுக்கும் நான்தான் டேங்கரில் தண்ணீர் விட்டேன். இன்றைக்கும் மழை வந்தால் சேம்பர் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

அதனால் உங்கள் வரைபடத்தில் இரண்டு ஓட்டம் தனித்தனியாக இருக்கட்டும். மழைத் தண்ணீர் ஒரு வழி, கழுவிய தண்ணீர் ஒரு வழி. இரண்டும் எங்கேயும் சேரக் கூடாது. ராம்புக்கும் சேம்பருக்கும் தகரக் கூரை, சுற்றி அரை அடி திட்டு.

அடுத்தது ஷாம்பு. இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். ஆயில் சேம்பர் வேலை செய்வது, ஆயில் தண்ணீரைவிட லேசு என்பதால் மேலே மிதக்கும் என்ற ஒரே நம்பிக்கையில். ஷாம்பு நுரையும் பிரஷர் பம்பும் சேர்ந்தால் ஆயில் பொடிப் பொடித் துளியாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிடும். மிதக்காது. சேம்பரைக் கடந்து பால் மாதிரிப் போய்விடும். அதனால் இன்ஜின் வாஷையும் பாடி வாஷையும் ஒரே ராம்பில் வைக்காதீர்கள். கிரீஸ், ஆயில் படிந்த இடத்தை முதலில் பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டு அப்புறம் தண்ணீர் காட்டச் சொல்லுங்கள். சேம்பருக்குப் பிறகு மணல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர் வைத்துத் திரும்ப முதல் வாஷுக்கே பயன்படுத்துகிறேன். செடிக்கு விடுவதாக இருந்தாலும், ஓடையில் விடுவதாக இருந்தாலும், எண்ணெய் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி.

கணக்கு எழுதும்போது "போதிய அளவு", "உரிய முறையில்" என்ற வார்த்தைகள் வேண்டாம். என் ராம்பில் மீட்டர் வைத்துப் பார்த்ததில் ஒரு காருக்கு 150 லிட்டர். பதினைந்து வண்டிக்கு 2,250. தரை கழுவ, பாத்ரூம் எல்லாம் சேர்த்து 3,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆயில்: தினம் பத்து வண்டிக்கு ஆயில் மாற்றினால் மூன்றரை லிட்டர் வீதம் 35 லிட்டர், மாதம் 26 நாளுக்கு 910 லிட்டர். கழிவை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு 2,730 லிட்டர், அதாவது 210 லிட்டர் பேரல் பதின்மூன்று. அவ்வளவுக்கும் கூரையும் சிமென்ட் தரையும் திட்டும் உள்ள ஷெட் வேண்டும், இல்லையென்றால் மாதாமாதம் அனுப்ப வேண்டும். நான் மாதாமாதம் அனுப்புகிறேன். இப்படி எழுதினால் பார்க்க வரும் இன்ஜினீயரும் கேள்வி கேட்பதற்கு முன் பேரலை எண்ணிப் பார்ப்பார், உங்களை நம்புவார்.

பழைய ஆயிலைக் கேட்டு நிறையப் பேர் வருவார்கள். சென்ட்ரிங் பலகைக்குப் பூச, செங்கல் சூளைக்கு எரிக்க என்று கையில் காசோடு நிற்பார்கள். கொடுக்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கு மட்டும், படிவம் 10 (கழிவு அனுப்பும் சீட்டு) போட்டு. சேம்பரில் அடியில் தங்கும் கசடும் ஆயில் துடைத்த துணியும் ஃபில்டரும் கூட இந்தக் கணக்கில்தான் வரும், குப்பை வண்டியில் போடக் கூடாது. ஜூன் 30-க்குள் வருடக் கணக்கு, படிவம் 4.

கூலன்ட்டை மறந்துவிடாதீர்கள். அது இனிப்பாக இருக்கும், ஆடும் நாயும் குடித்துவிடும். குடித்தால் கிட்னி போய்ச் சாகும். உங்கள் பக்கம் ரோட்டோரம் மேய்கிற வெள்ளாடு ஜாஸ்தி. மூடி போட்ட தனிக் கேன் வையுங்கள்.

சத்தம், ஜெனரேட்டர் எல்லாம் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். கம்ப்ரசரை மட்டும் வீடு இல்லாத பக்கமாக வைக்கத் திட்டமிடுங்கள். வீடுகள் உள்ள பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45.

மண் பரிசோதனை, கோவை:

நான் லேபில் வேலை செய்கிறேன். லாரிப் பட்டறை விஷயத்தைக் கட்டாயம் எழுதுங்கள் அண்ணா. எழுதாமல் விட்டால், ஐந்து வருடம் கழித்துப் பக்கத்துக் கிணற்றில் எண்ணெய் வந்தால் அது முழுக்க உங்கள் கணக்கில்தான் விழும். பட்டறையில் வண்டி எங்கே நிறுத்துவார்கள், பேரல் எங்கே இருந்தது, பேட்டரி எங்கே பிரித்தார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். டீக்கடையில் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். அந்த இடங்களில் ஓரடி, மூன்றடி ஆழத்தில் மண் எடுக்கச் சொல்லுங்கள். எண்ணெய் ஊறிய மண் கறுத்து, பிசுபிசுப்பாக, கையில் எடுத்தாலே டீசல் வாசனை அடிக்கும். பேட்டரி பிரித்த இடத்தில் ஈயம் பார்க்க வேண்டும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

கூடவே உங்கள் போர்வெல், பக்கத்துக் கிணறு இரண்டிலும் இப்போதே தண்ணீர் மாதிரி எடுத்து எண்ணெய், பி.எச். (அமில-காரத் தன்மை), டி.டி.எஸ். (கரைந்த உப்புகள்), சி.ஓ.டி. (ரசாயன ஆக்சிஜன் தேவை, கழிவு கலந்ததைக் காட்டுவது) பாருங்கள். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபாக இருக்கட்டும். இன்னொரு விஷயம், நம் பக்கம் அடியில் பாறை. தண்ணீர் மண்ணில் மெதுவாக வடிகட்டி இறங்குவதில்லை. பாறை வெடிப்பு கிடைத்தால் அந்த வழியாகவே தூரத்துக்குப் போய்விடும். "கிணறு 80 மீட்டர் தள்ளி இருக்கிறது" என்பது மட்டும் தைரியம் ஆகாது.

தோட்டக்காரி, வெள்ளகோவில்:

நான் தொழில் நடத்துகிறவள் இல்லை, பக்கத்துத் தோட்டத்துக்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிறந்த ஊர் ஒரத்துப்பாளையம் பக்கம். பாசனத்துக்கென்று நொய்யலில் கட்டிய அணையில் சாயத் தண்ணீர் தேங்கியதைப் பார்த்து வளர்ந்தேன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குள் எங்கள் அப்பாவின் கிணற்றுத் தண்ணீர் உப்பேறி, தென்னை காய்ப்பை நிறுத்தி ரொம்ப நாள் ஆகியிருந்தது. ஒரு கார் சர்வீஸ் அவ்வளவு பெரிதில்லை, தெரியும். ஆனால் கிணறு வைத்திருக்கிறவருக்குத் தன் கிணறு ஒன்றுதான்.

உங்கள் பக்கம் கிணறுகளுக்கு வாய்க்கால் கசிவுதான் உயிர். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட வேண்டாம் என்று விவசாயிகள் போராடியதே அந்தக் கசிவுக்காகத்தான். தண்ணீர் விடும்போது கிணறு ஏறும், நிறுத்தினால் இறங்கும். இரண்டு காலத்திலும் மட்டம் அளந்து எழுதுங்கள். அளக்கப் போகும்போது தோட்டத்துக்காரரிடம் என்ன போடப் போகிறீர்கள் என்பதை உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். பொக்லைன் வந்து நின்ற பிறகு தெரிந்தால் மனசு வேறு மாதிரி ஆகிவிடும்.

சென்னிமலை ஸ்பேனர்:

எல்லாருக்கும் நன்றிங்க. ராம்ப்காரர் அண்ணா சொன்ன மாதிரி ஞாயிற்றுக்கிழமை டேங்கர் விட்டோம். தண்ணீர் ரோட்டுப் பக்கம் போகும் என்றுதான் நானும் மாமனாரும் நினைத்திருந்தோம். கண்ணுக்குத் தெரியாத சரிவு, நேராகக் கிழக்கே இட்டேரியில் (தோட்டங்களுக்கு நடுவே போகும் வேலிப் பாதை) இறங்கி, கிணற்றுக்கு இருபதடி முன்னால் போய்த் தேங்கியது. ராம்பைக் கிழக்கு மூலையில் போட்டிருந்த பிளானை மாற்றி, மேற்கு மூலைக்குக் கொண்டு வரச் சொல்லிவிட்டேன். சேம்பருக்குக் கூரையும் பிளானில் ஏறிவிட்டது.

அப்புறம் கிணற்றுக்காரரைப் பார்க்கப் போனோம். கயிற்றில் கல்லைக் கட்டி மட்டம் அளந்தோம், தண்ணீர் 31 அடியில் இருக்கிறது. லாரிப் பட்டறையைப் பற்றி நான் ஆரம்பிப்பதற்குள் அவரே, பேரல் வைத்திருந்த இடம் வேப்ப மரத்தடி என்று வந்து காட்டினார். மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தியதும் கரி மாதிரி மண் வந்தது. வியாழக்கிழமை லேபிலிருந்து ஆள் வருகிறார்கள். அவர் கிணற்றுத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறேன், ரிசல்ட்டின் ஒரு நகல் அவருக்கு.