கடற்கரை ஊர், 2013 ஸ்ப்ளெண்டர்: எங்கிருந்து தொடங்குவது?

ஐஸ்கணக்கன்:

சென்ற வாரம் 2013ஆம் ஆண்டு ஸ்ப்ளெண்டர் பிளஸ் ஒன்றை 31,000 ரூபாய்க்கு வாங்கினேன். என் வாழ்க்கையின் முதல் வண்டி. நாகப்பட்டினத்தில் வீடு. அக்கரைப்பேட்டையில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். போக இரண்டு கிலோமீட்டர், வர இரண்டு கிலோமீட்டர். அந்தச் சாலையில் மீன் ஏற்றிய வண்டிகள் உப்புத் தண்ணீரை ஒழுகவிட்டுக்கொண்டே போகும். அதன் பின்னால் தினமும் நான்.

வாங்கும்போது வண்டி கண்ணாடி போல மின்னியது. சைலன்சருக்குக் கறுப்பு அடித்திருந்தார்கள். எஞ்சினை டீசலால் துடைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து பக்கவாட்டு மூடியைக் கழற்றிய பிறகுதான் உள்ளே பார்த்தேன். பேட்டரி உட்காரும் தட்டில் விரலை வைத்ததும் துரு அப்பளம் போல உடைந்து கையில் வந்தது. பேட்டரி முனையில் பச்சையாக ஏதோ பூத்திருக்கிறது. அன்று இரவு எனக்குச் சரியான தூக்கமில்லை.

ஒரு கடையில் டெஃப்ளான் பூச்சு 2,500 ரூபாய், அடித்தால் துருவே பிடிக்காது என்கிறார்கள். தடித்த பிளாஸ்டிக் உறை ஒன்றும் வாங்கச் சொல்கிறார்கள். தினமும் சாயங்காலம் உப்புப் போகக் கழுவிவிடுகிறேன். வேறென்ன செய்ய வேண்டும்? சம்பளம் வந்து 5,000 வரை செலவழிக்க முடியும்.

திருவாரூரான்:

வண்டிக்கு முன்னால் காகிதம். ஆர்.சி. இன்னும் பழைய உரிமையாளர் பெயரில்தானே இருக்கிறது? பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டீர்களா? விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். கடனில் எடுத்த வண்டியாக இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும், ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35ம் வேண்டும். காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். இழப்பீடு கேட்காமல் இருந்ததற்கான கட்டணத் தள்ளுபடி (நோ கிளைம் போனஸ்) விற்றவருடையது, வண்டியோடு வராது. எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய அபராதம் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்ப்பதும் ஐந்து நிமிட வேலை. உங்கள் வண்டியின் பதிவு 2028 வரைதான், அதன்பின் புதுப்பிக்க வேண்டும்.

பழைய ஸ்பானர்:

தம்பி, தூத்துக்குடியில் துறைமுகச் சாலையோரம் இருபத்தாறு வருடம் பட்டறை வைத்திருந்தவன் நான். உப்பைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் நீங்கள் எழுதியதில் என்னைப் பயமுறுத்தியது உப்பு இல்லை, அந்த இரண்டு கிலோமீட்டர்.

இப்போதே போய் ஆயில் மூடியைத் திறந்து அளவுக்கோலைப் பாருங்கள். மூடியின் அடியில் பால் கூடிய டீ போல வெளிறிய பசை ஒட்டியிருந்தால் அது தண்ணீர். பெட்ரோல் எரிந்தால் நீராவியும் உண்டாகும். எஞ்சின் நன்றாகச் சூடானால் அது வெளியேறிவிடும். இரண்டு கிலோமீட்டரில் சூடு ஏறுவதற்குள் நீங்கள் சாவியைத் திருப்பிவிடுகிறீர்கள். ஆவி ஆயிலுக்குள்ளும் சைலன்சருக்குள்ளும் தண்ணீராகத் தங்கிவிடுகிறது. சைலன்சர் வெளியிலிருந்து துருப்பிடிப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். நான் கழற்றிப்போட்டவற்றில் பாதி உள்ளேயிருந்து அரித்தவை. அதற்கு மேலே எத்தனை கறுப்பு அடித்தும் புண்ணியமில்லை.

ஆகவே முதல் செலவு ஆயில். பழையதை எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடித்துவிட்டு, கையேட்டில் சொன்ன தரத்தில் புதிது ஊற்றுங்கள். அளவு பார்க்கும்போது நடு ஸ்டாண்டு போட்டு, மூடியை மரையில் திருகாமல் சும்மா செருகி எடுத்துப் பாருங்கள். திருகிப் பார்த்தால் கோடு பொய் சொல்லும். பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் வண்டியை நிறுத்தாமல் இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள்.

பேட்டரித் தட்டுக்கு டெஃப்ளான் தேவையில்லை. அந்தப் பூச்சு பெயிண்டின் மேல்தான் உட்காரும். துரு தொடங்குவதோ வெல்டு போட்ட மூலையிலும் சேறு ஒதுங்கும் இடுக்கிலும். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் கம்பியை முதலில் எடுங்கள். பச்சையைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, காயவைத்து, மாட்டிய பின் வாசலின் தடவுங்கள். தட்டைக் கம்பி பிரஷ்ஷால் இரும்பு தெரியும்வரை தேய்த்து ரெட் ஆக்சைடு பிரைமர், அதன்மேல் கறுப்பு. ஒரு நாள் வேலை, 300 ரூபாய்க்குள் முடியும். தேய்க்கும்போது தட்டு ஓட்டையாகிவிட்டால் வெல்டருக்கு 200.

செயினை மூடிய உறை இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அதில் சிறு ரப்பர் அடைப்பு இருக்கும், அதைப் பிடுங்கி விரலால் செயினைத் தூக்கிப் பாருங்கள். ஓர் அங்குலம் ஆடினால் சரி. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போல நின்றால் ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்கான கோன் செட் போய்விட்டது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. தேயாமல் பட்டன் எவ்வளவு இருந்தாலும் அவ்வளவு பழைய டயரை நம்பி மழையில் போகாதீர்கள். பெட்ரோல் குழாயையும் மாற்றிவிடுங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வருகிறது. அந்த வயது ரப்பர் அதற்குத் தாங்காது.

பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம். சூடான வண்டிமேல் போட்டால் உள்ளே வியர்த்து, இரவு முழுவதும் வண்டி ஈரத்தில் நிற்கும். பழைய பருத்திப் போர்வை போதும்.

மீன்வண்டி:

எங்கள் பக்கத்தில் எல்லோரும் கழிவு ஆயிலில் டீசல் கலந்து அடியில் அடித்துவிடுவார்கள். என் வண்டி பதினோரு வருடமாக நிற்கிறது. இதைவிட மலிவு எது?

பழைய ஸ்பானர்:

நிற்கிறது, சரி. பிரேக் பிடிக்கிறதா? அந்த எண்ணெய் ஒழுகி டிரம்முக்குள் இறங்கி எத்தனை பிரேக் ஷூக்களை நாசமாக்கியது என்று நான் எண்ணவில்லை. புஷ் ரப்பர்களையும் ஊதவைக்கும். மணலை இழுத்து ஒட்டிவைத்துக்கொள்ளும். சேசிஸின் அடியில் மட்டும் சுத்தமான கிரீஸை மெல்லியதாகத் துணியால் தடவுங்கள், சக்கரத்தின் பக்கம் போகாதீர்கள்.

நாகூர்க்காரன்:

யாரும் ஒன்றைக் கேட்கவில்லை. தம்பி தினமும் கழுவுகிறாரே, எந்தத் தண்ணீரில்? எங்கள் வீட்டுப் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அதில் கழுவிக் காயவைத்தால் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நிற்கும்.

ஐஸ்கணக்கன்:

நாகூர்க்காரர் ஐயா, மானம் போகிறது. போர் தண்ணீரில்தான் கழுவினேன், அதுவும் எட்டு நாள். டேங்கின் மேல் இருந்த வெள்ளைத் திட்டை நாக்கில் தொட்டுப் பார்த்தேன், உப்பு. சாலையில் ஏறிய உப்புப் போதாதென்று நானும் வீட்டில் ஏற்றியிருக்கிறேன். இனி குழாயில் வரும் குடிநீர் ஒரு வாளி, வாரம் இரண்டு முறை. மற்ற நாள் ஈரத்துணி.

ஸ்பானர் ஐயா, நீங்கள் சொன்ன பசை அப்படியே இருந்தது. ஆயில் மாற்றியாகிவிட்டது. ஞாயிறு அன்று திருவாரூர் வரை போய்வந்தேன். வழக்கமாகக் காலையில் மூன்றாவது உதைக்கு எழுந்திருக்கும் வண்டி, திரும்பி வரும்போது வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி எடுத்தால் முதல் உதையிலேயே எழுந்தது. இன்று காலை மூடியைத் திறந்து பார்த்தேன், பசை இல்லை. செயினில்தான் பிரச்சினை, ஓர் அங்குலம் அல்ல, இரண்டு இருக்கும். ஸ்ப்ராக்கெட் என்கிற பற்சக்கரங்களோடு செட்டாக மாற்ற வேண்டும் என்கிறார் பக்கத்து மெக்கானிக்.

படிவங்களில் கையெழுத்து வாங்கப் போனபோது விற்றவரிடம் கருவிப் பையையும் கேட்டேன். இருக்கைக்கு அடியில் இருக்கிறதே என்றார். இருக்கைக்கு அடியில் ஒரு பழைய துணியும் அதற்குள் ஓர் உப்பு மிளகாய் பொட்டலமும்தான் இருந்தன.