ஃபுட்பால், கிரிக்கெட் ரெண்டும் ஆடி ஜெயிச்சவங்க உண்டா?

ரேஸ்கோர்ஸ் பையன்:
அக்கா மகன் ஒன்பதாவது படிக்கிறான். காலைல ரேஸ்கோர்ஸ் மைதானத்துல ஃபுட்பால், சாயங்காலம் கிரிக்கெட். ஒண்ணை விட்டுரச் சொல்லிட்டாராம் கோச். "டெனிஸ் காம்ப்டன் ரெண்டுலயும் இங்கிலாந்துக்கு ஆடலையா?"ன்னு எதுத்துக் கேக்குறான். நெசமா?

தெப்பக்குளத்தான்:
பாதி நெசம். கிரிக்கெட்டுல 78 டெஸ்ட். 1947ல ஒரே சீசன்ல 3,816 ரன், 18 செஞ்சுரி. ஃபுட்பால்ல ஆர்சனல் விங்கர், 1950 எஃப்.ஏ. கோப்பை ஜெயிச்ச டீம். ஆனா இங்கிலாந்து ஃபுட்பால் சட்டையில ஆடுனது போர்க்காலத்துல. கணக்குல சேக்க மாட்டாங்க. பட்டாளத்தோட நம்ம நாட்டுல இருந்தப்ப, ரஞ்சி ஃபைனல்ல இந்தூர் ஹோல்கர் டீமுக்காக 249 நாட் அவுட் அடிச்சாரு. ஜெயிச்சது என்னமோ பம்பாய்தான்.

தல்லாகுளம் போஸ்ட்மேன்:
தம்பி, மருமகன்கிட்ட ஆர்தர் மில்டன் பேரைச் சொல்லுங்க. 1951ல வெம்ப்ளியில ஆஸ்திரியாவோட ஃபுட்பால், ஒரே மேட்ச். 1958ல லீட்ஸ்ல நியூசிலாந்தோட முதல் டெஸ்ட், 104 நாட் அவுட். ஆம்பளைங்கள்ல இங்கிலாந்துக்கு ரெண்டுலயும் ஆடுன கடைசி ஆள் அவர்தான்.

அப்ப குளிருக்கு ஃபுட்பால், வெயிலுக்கு கிரிக்கெட்னு வருசத்தைப் பிரிச்சுக்கிட்டாங்க. 1961 வரைக்கும் ஃபுட்பால்காரனுக்கு இவ்வளவுக்கு மேல சம்பளம் கிடையாதுன்னு லீக்ல ரூலே இருந்துச்சு. ரெண்டு கையாலயும் சம்பாதிச்சாத்தான் வீடு நடக்கும். இப்ப ஃபுட்பாலே பத்து மாசம் ஓடுது, எங்க போறது?

நான் அவரைப் பிடிச்சுக்கிட்டது வேற காரணத்துக்கு. ஆட்டமெல்லாம் முடிஞ்சதும் பிரிஸ்டல்ல தபால்காரரா சேந்துட்டாரு! நானும் 31 வருசம் சைக்கிள்ல தபால் கொடுத்தவன். சித்திரை வெயில்ல கோரிப்பாளையம் சிக்னல்ல ஒத்தைக் காலை ஊனி நிக்கையில, இங்கிலாந்துக்கு ஓப்பனிங் எறங்குன மனுசனும் இப்படித்தான நின்னுருப்பாருன்னு நெனச்சுக்குவேன். (அவருக்கு மழை, எனக்கு வெயில்.) தபால் வேலையில ஓய்வு வந்த பிறகும் சைக்கிளை விட மனசில்லாம விடியக்காலம் பேப்பர் போட்டாராம். நான் ஓய்வு வந்த மறுநாளே சைக்கிளைப் பேரனுக்குக் கொடுத்துட்டேன், அது வேற கதை.

ரேஸ்கோர்ஸ் பையன்:
நன்றிண்ணே. படிச்சுக் காட்டுனேன். "அப்ப ரெண்டையும் ஆடலாம்ல?"ங்கிறான். எங்கக்கா, போஸ்ட் ஆபீஸ் வேலைக்கு எத்தனாவது படிச்சிருக்கணும்னு உங்ககிட்ட கேக்கச் சொல்லுது.