ஐபி68 போன் இருக்கும்போது ஃபீல்டு கலெக்டர் எதுக்குன்னு கேட்கிறவங்களுக்கு

பழைய செயின்மேன்:
நேத்து ராத்திரி செம்பனை டெக் எழுதினதைப் படிச்சதுலேர்ந்து மனசு ஆறலை. ஊத்தான் மெலிந்தாங் பக்கம் வீடமைப்பு சைட்ல புதுசா சேர்ந்த ஒரு பையன், சர்வே அளவைப் பதிஞ்சு வைக்கிற கைக்கருவி, அதான் டேட்டா கலெக்டர், எது தாங்கும்னு மரியாதையாக் கேட்டான். அதுக்கு இவர் சொன்ன பதில் இது: "போன் ஐபி68. கலெக்டர் பாதி ஐபி67தான். 68 பெருசா, 67 பெருசா? போனுக்கு ரப்பர் உறை போட்டுக் கம்பத்துல மாட்டு. மிச்சக் காசுல மோட்டார் சைக்கிள் வாங்கு."

ஐயா, ஐபின்னா தூசியும் தண்ணியும் உள்ளே புகாம கருவி எவ்வளவு தாங்கும்னு சொல்ற குறி, பரீட்சை மார்க் இல்லை. முதல் 6 தூசிக்கு. அதுக்கு மேலே எண் கிடையாது. ரெண்டாவது எண் தண்ணிக்கு. 7ன்னா 1 மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம் முக்கி வைக்கிறது. 8ன்னா அதைவிடக் கடுமை, ஆனா எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம்னு தயாரிச்சவனே முடிவு பண்ணிச் சொல்றது. ரெண்டும் நல்ல தண்ணி, அசையாத தண்ணி, புதுக் கருவி. நம்ம தோட்டத்துக் கான்ல, அதான் வாய்க்கால்ல, ஓடுறது எந்தத் தண்ணின்னு இங்கே எல்லாருக்கும் தெரியும்.

செம்பனை டெக்:
நன்றிண்ணே. "8ன்னா அதைவிடக் கடுமை" - உங்க வாயாலேயே வந்துடுச்சு. அப்ப 68 பெருசு. நான் சொன்னதும் அதுதான்.

பழைய செயின்மேன்:
தம்பி, பாதியை மட்டும் எடுத்துப் படிக்காதே. கருவி செத்துப்போறது தண்ணிக்குள்ள விழுந்து இல்லை. மூணு மணி மழையில என்ன நடக்குதுன்னு நான் சொல்றேன். கண்ணாடி மேலே துளி விழுது. ஒவ்வொரு துளியையும் போன் விரல்னு நினைச்சுக்குது. பெக் (அளவு முளை) நம்பர் 14 அடிக்கிறே, 144 விழுது. துடைச்சா படம் பெருசாகி வேற எங்கேயோ போய் நிக்குது. கையில களிமண், துடைக்கச் சட்டையில காஞ்ச இடம் கிடையாது. கலெக்டர்ல பட்டன் இருக்கு. பட்டனை அமுக்கினா அமுங்குது, விரலுக்கே தெரியுது. 22 வருஷமா நான் காசு குடுக்கிறது அந்தப் பட்டனுக்குத்தான்.

செம்பனை டெக்:
மழையில யாருண்ணே வேலை செய்யச் சொன்னா? குடைக்குக் கீழே நிக்கலாமே. பட்டன் கதை தனி, நான் பேசுறது 68.

கிராணி மகன்:
ஒரு நிமிஷம். அந்தப் பையன்கிட்ட எந்த டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கிற கருவி) இருக்குன்னு யாராவது கேட்டீங்களா? கலெக்டர் அதோட பேசலைன்னா 67ஆவது 68ஆவது. இன்னொன்னு, உள்ளே ஓடுறது விண்டோஸா ஆண்ட்ராய்டான்னு பார்க்கணும். டிரிம்பிள் டிஎஸ்சி7 விண்டோஸ் 10ல வந்தது, டிஎஸ்சி5 ஆண்ட்ராய்டு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் பொது ஆதரவை 2025 அக்டோபர் 14ஓட நிறுத்திடுச்சு. பழைய கருவி மலிவா வருதுன்னு வாங்குறவங்க இதை விசாரிக்கணும். பேட்டரியைக் கழற்றி மாத்த முடியுமான்னும் பாருங்க.

செம்பனை டெக்:
போன் ஆண்ட்ராய்டு. எனக்குச் சாதகமாத்தான் பேசியிருக்கீங்க, நன்றி.

லெவல் புக்:
எல்லாம் காசுக்குப் பிடிச்ச கேடு. பென்சிலும் லெவல் புத்தகமும் வெச்சுக்கிட்டு நான் பாதி பேராக் மாநிலத்துல மட்டம் பார்த்திருக்கேன். மழையில பேனா மை ஓடும், பென்சில் ஓடாது. நம்ம ஊர் மணிக்கூண்டுக் கோபுரம் 1885ல கட்டினது. கலெக்டர் இல்லாமத்தான் கட்டினாங்க.

செம்பனை டெக்:
அதான் சாஞ்சு நிக்குது.

லெவல் புக்:
வாயை அளந்து பேசு. அது சாஞ்சது அளவு தப்பினதால இல்லை. மேலே தண்ணித் தொட்டி, அடியில இளகின மண். தெலுக் அன்சன்ல பிறந்து வளர்ந்தவன் நான், எனக்கு நீ கோபுரத்தைப் பத்திச் சொல்லாதே.

கிராணி மகன்:
தெலுக் இந்தான்னு சொல்லுங்க. பேர் மாறி எத்தனையோ வருஷமாச்சு.

லெவல் புக்:
என் பிறப்புப் பத்திரத்துல அன்சன்னுதான் இருக்கு. அதை யார் வந்து மாத்தப் போறா?

பழைய செயின்மேன்:
கோபுரத்தை விடுங்க, விஷயத்துக்கு வாங்க. வெயிலைப் பத்தி யாரும் பேசலை. ஐபோன் வேலை செய்ய ஆப்பிள் சொல்ற வெப்பம் 0லேர்ந்து 35 டிகிரி. நம்ம ஊர் நிழல்லேயே 33, 34 ஆகுது. கம்பத்து உச்சியில நேர் வெயில்ல மாட்டினா சூடு தாங்காம முதல்ல திரை மங்கும், அப்புறம் போன் தானா ஓய்வு எடுத்துக்கும். நல்ல கலெக்டர் பலது 60 டிகிரி வரைக்கும்னு போட்டு வருது.

அடுத்தது, கீழே விழறது. அமெரிக்க ராணுவத் தரம் மில்-எஸ்டிடி-810ல ஒரு சோதனை இருக்கு. 1.22 மீட்டர் உயரத்துலேர்ந்து 26 தடவை போடணும். 6 முகம், 12 விளிம்பு, 8 மூலை. இடுப்பு உயரத்துலேர்ந்து எப்படித் திரும்பி விழுந்தாலும் ஒரு கணக்குல வந்துடும். ரப்பர் உறை போட்ட போனை 26 தடவை போடுவியா தம்பி?

செம்பனை டெக்:
அண்ணே, அந்த 26ஐ முழுசாப் படிச்சீங்களா? ஒரே கருவியை 26 தடவை போடணும்னு கட்டாயம் இல்லை. அஞ்சு கருவி வரைக்கும் பிரிச்சுப் போடலாம். அதுக்குச் சான்றிதழ் குடுக்கிற அலுவலகமும் கிடையாது, தயாரிக்கிறவனே சோதிச்சு அவனே போட்டுக்கிறான். 68க்கு நீங்க சொன்ன குறை அப்படியே இதுக்கும் பொருந்தும்.

பழைய செயின்மேன்:
சோதனை எப்படியோ போகட்டும், நான் கண்ணால பார்த்ததைச் சொல்றேன். எங்க சைட்ல ஒரு பையன், சாயங்காலம் லோரி கழுவுற வாட்டர் ஜெட்டை எடுத்துக் கலெக்டர் மேலே பீச்சினான். ஐபி67 தானே அண்ணேன்னு சிரிச்சான். 7 முக்குறதுக்கு. பீச்சி அடிக்கிறதுக்கு 5, 6ன்னு தனி எண். 7 இருந்தா 6உம் இருக்குன்னு அர்த்தம் இல்லை, ரெண்டையும் சேர்த்துப் போட்டிருக்கான்னு பார்க்கணும். மறுநாள் காலையில பார்த்தா கண்ணாடிக்குள்ள ஆவி, ஓரத்துல ஒரு துளி தண்ணி நின்னு ஆடுது. சார்ஜ் போடுற மூடியில இருந்த ரப்பர் கிழிஞ்சிருந்ததை யாரும் கவனிக்கலை. வாங்கி ரெண்டு வருஷம். ரப்பர் கிழிஞ்சா எந்த எண்ணும் நிக்காது, அந்தப் பையனுக்கு இதைத்தான் முதல்ல சொல்லணும்.

செம்பனை டெக்:
அப்படின்னா தண்ணியில செத்தது உங்க ஐபி67 கலெக்டர்தான். என் போன் இல்லை. 67.

பழைய செயின்மேன்:
நான் சொன்னதே உனக்குப் புரியலை.

செம்பனை டெக்:
எல்லாருக்கும் புரிஞ்சுது.

முனியாண்டி கோயில் வீதி:
நான் ரொம்ப நாளாப் படிக்கிறவன், எழுதுறது இல்லை. "தாங்கும்"னா எதைத் தாங்கணும்? மழையா, வெயிலா, விழறதா, இல்லை நாலு பேர் கை மாறுறதா? அதை முதல்ல பேசினா நல்லது.

செம்பனை டெக்:
எதைத் தாங்கினாலும் 68 ஒரு படி மேலே.

பழைய செயின்மேன்:
அந்தக் கேள்விக்கு நான் ஏற்கெனவே பதில் சொல்லிட்டேன், மேலே போய்ப் படிங்க. தம்பி, உன்னை நான் நேத்துப் பார்க்கலை. ரெண்டு தீபாவளிக்கு முன்னாடி என் பிரிசம் கம்பத்தை, டோட்டல் ஸ்டேஷன் குறிபார்க்கிற கண்ணாடி மாட்டின கம்பத்தை, வாங்கிட்டுப் போனே. திரும்பி வரும்போது, கம்பம் நேரா நிக்குதான்னு காட்டுற குமிழ் மட்டம் ஒரு பக்கம் சாஞ்சு கிடந்தது. அது தெரியாம நான் செம்பனைக்கு நடுவுல காலையிலேர்ந்து பாயிண்ட் எடுத்தேன். ஓலைக்கு அடியில ஜிஎன்எஸ்எஸ் (செயற்கைக்கோள் வெச்சு இடம் பார்க்கிறது) ஃபிக்ஸ் நிக்காதுன்னு டோட்டல் ஸ்டேஷன் போட்டு, கானுக்குக் கான் தாண்டி, 60 பாயிண்ட். ஆரம்பிச்ச இடத்துக்கே அளவை மூடிப் பார்த்தா சேரலை. மறுநாள் அவ்வளவும் திரும்ப எடுத்தேன். கருவியை எப்படிப் பார்த்துக்கணும்னு தெரியாதவன் எதை வாங்கணும்னு ஊருக்குச் சொல்லக் கூடாது.

செம்பனை டெக்:
குமிழ் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது. வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி குமிழைச் சரிபார்க்கணும்னு 22 வருஷத்துல யாரும் சொல்லித் தரலையா அண்ணே?

லெவல் புக்:
இதுல அவன் சொல்றது சரி. குமிழைப் பார்க்காம ஆரம்பிச்சது உங்க தப்பு.

பழைய செயின்மேன்:
பென்சில்காரர் தீர்ப்பு எனக்கு வேண்டாம். வாங்கிட்டுப் போனவன் ஒழுங்காத் திருப்பித் தரணும், அது எங்க அப்பா காலத்துலேர்ந்து இருக்கிற முறை. அந்தக் கம்பத்தோட கீழ்முனையும் இன்னும் உன்கிட்டத்தான் இருக்கு.

கிராணி மகன்:
அந்தப் பையன் இன்னும் டோட்டல் ஸ்டேஷன் என்னன்னு சொல்லலையே.

செம்பனை டெக்:
முனை வீட்லதான் இருக்கு. நாளைக்கு மாமா கடையில குடுத்துட்டுப் போறேன், வாங்கிக்குங்க. 68 பெருசுதான்.

பழைய செயின்மேன்:
கடையில வேண்டாம். சைட்டுக்கே கொண்டுவா. ரெண்டு மணிக்கு மேலே வா, மேகம் ஏறுற நேரம். போனையும் எடுத்துட்டு வா, குடை வேண்டாம். உன் கையாலேயே பத்து பெக் நம்பர் அடிச்சுக் காட்டு.

செம்பனை டெக்:
வர்றேன். உங்க 67ஐயும் கொண்டுவாங்க, ஆவி பிடிச்சது.