வெஹிகிள்-டு-கிரிட்: ‘ஊர்திவழி மின்வழங்கல்’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

செருகி நிறுத்திய வண்டியின் மின்கலத்தை மின்தொகுப்போடு (கிரிட்) சேர்த்து இயக்குவதே ‘வெஹிகிள்-டு-கிரிட்’. அகராதியில் அதற்கு ‘ஊர்திவழி மின்வழங்கல்’ என்ற பரிந்துரை வந்திருக்கிறது. சொல் அழகாக விழுந்திருக்கிறது. பொருள் பாதிதான் வருகிறது. நின்றிருக்கும் பிளக்-இன் ஹைபிரிட் வண்டி (எஞ்சினும், செருகி மின்னேற்றும் மின்கலமும் கொண்டது) மின்தொகுப்புக்கு மின்சாரம் கொடுத்து மட்டுமல்ல, வாங்கியும் உதவுகிறது. தேவையைவிட உற்பத்தி குறைந்தால் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய அதிர்வெண் சரியும், மிஞ்சினால் ஏறும். சரியும்போது வண்டி கொடுக்க வேண்டும், ஏறும்போது உறிஞ்ச வேண்டும். அமெரிக்காவின் பிஜேஎம் மின்தொகுப்பில் இந்த ஏவல் 2 நொடிக்கு ஒருமுறை வருகிறது. இதை ‘வழங்கல்’ என்றால் படிப்பவர் வண்டியைச் சின்ன ஜெனரேட்டராக நினைத்துக்கொள்வார்.

என் பரிந்துரை: ஊர்தி–தொகுப்பு மின்பரிமாற்றம்.

வேறு மூன்று சொற்களும் பேச்சில் அடிபடுகின்றன. ‘மீள்மின்னேற்றம்’ ஏற்கெனவே ரீசார்ஜுக்குப் போய்விட்டது. ‘எதிர்மின்னோட்டம்’ என்றால் இயற்பியல் படித்தவருக்கு எதிர்மின்சுமைதான் நினைவுக்கு வரும். ‘பின்னூட்டல்’ ஃபீட்பேக்குக்கு நிலைத்த சொல். அதிர்வெண் சீராக்கத்தை விளக்கும்போது ஃபீட்பேக்கும் வருமாதலால் ஒரே பத்தியில் இரண்டும் மோதும்.

*

> ஊர்தி–தொகுப்பு மின்பரிமாற்றம்

ஐயா, ‘பரிமாற்றம்’ எனக்கும் உடன்பாடே. ஆனால் ‘தொகுப்பு’ தனியே நின்றால் கவிதைத் தொகுப்பும் அதுதான். ‘மின்’னை இடம் மாற்றி ‘ஊர்தி–மின்தொகுப்புப் பரிமாற்றம்’ என்று வைக்கலாமா?

அடுத்து, ஒருதிசை வண்டிகளை எங்கே வைப்பது? பெரும்பாலான வண்டிகளில் உள்ள மின்னேற்றி ஒருதிசைதான். வரும் மாறுதிசை மின்சாரத்தை டையோடுகள் நேராக்குகின்றன. டையோடு எதையும் திரும்பிப் போக விடாது. மென்பொருளை மாற்றினால் மட்டும் போதாது, டையோடுகளின் இடத்தில் மாஸ்ஃபெட் போன்ற நிலைமாற்றிகள் வேண்டும். வண்டியும் மின்னேற்று நிலையமும் பேசிக்கொள்ளும் நெறிமுறையும் இருதிசையை அறிந்திருக்க வேண்டும்: ஐஎஸ்ஓ 15118 வரிசையில் 2014-இல் வந்த பகுதி 2-இல் அது இல்லை, 2022-இல் வந்த பகுதி 20-இல்தான் சேர்ந்தது.

அதற்காக ஒருதிசை வண்டி உதவாது என்றில்லை. 3.3 கிலோவாட் மின்னேற்றியை 1.65-இல் ஓடவிட்டு, ஏவலுக்கேற்ப 0-க்கும் 3.3-க்கும் இடையே நகர்த்தலாம். மின்தொகுப்புக்குச் சுமை குறைவதும் உற்பத்தி கூடுவதும் ஒன்றே. ஆக இருபுறமும் 1.65 கிலோவாட் கிடைக்கிறது. இருதிசை வண்டி 0-வை நடுவாக வைத்து இருபுறமும் 3.3 தரும். ஒருதிசையில் மின்கலம் நிரம்பியதும் சேவையும் முடிந்துவிடும். அதனால் அதற்கு ‘ஏவல்வழி மின்னேற்றம்’ என்று தனிச்சொல் வேண்டும்.

பிளக்-இன் ஹைபிரிட்டுக்குக் ‘கலப்பின’ வேண்டாம்; அது விதைக்கும் மாட்டுக்கும் உரியது. ‘செருகு கலப்புந்து’ போதும். இதன் எஞ்சினை ஓட்டித் தொகுப்புக்கு மின்சாரம் தருவதையும் சிலர் இதே தலைப்பில் சேர்க்கிறார்கள். தயவுசெய்து சேர்க்க வேண்டாம். அது எரிபொருளை எரித்து மின்னாக்குவது. மூடிய கொட்டகையில் எஞ்சின் தானாக ஓடினால் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். அதற்குத் தனிப்பெயரும் தனி எச்சரிக்கையும் வேண்டும்.

*

நன்றி நண்பரே. ‘மின்தொகுப்பு’ முழுச்சொல்லாகவே இருக்கட்டும். ‘ஏவல்வழி மின்னேற்றம்’ மிகப் பொருத்தம்.

‘பரிமாற்றம்’ என்றதும் கொடுத்ததும் வாங்கியதும் நேராகிவிடும் என்று தோன்றும். நேராகாது, அகராதி விளக்கத்தில் இழப்பைச் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு வழியிலும் செயல்திறன் 90% என்று கொள்வோம். வண்டி ஒரு மணி நேரத்தில் 0.55 யூனிட் கொடுத்து 0.55 யூனிட் வாங்குகிறது. மின்கலத்திலிருந்து போவது 0.61, சேர்வது 0.495. இரவு 8 மணி நேரத்தில் 0.9 யூனிட்டுக்கு மேல் கரைந்துவிடும். 10 யூனிட் மின்கலத்தில் இது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. எனவே நடுக்கோட்டை 0-வில் வைக்காமல் மின்னேற்றப் பக்கமாக 0.13 கிலோவாட் தள்ளி வைக்க வேண்டும்.

குறைந்த திறனில் நிலைமை இன்னும் மோசம். மின்னணுச் சுற்று தனக்கென எடுப்பது அவ்வளவாகக் குறையாது, கடத்தும் திறன் மட்டும் குறையும். 30 வண்டிகளை 0.3 கிலோவாட்டில் இயக்குவதைவிட 3 வண்டிகளை 3 கிலோவாட்டில் இயக்கி, மற்றவற்றைச் சும்மா விட்டு, முறைவைத்து மாற்றுவதே மேல். இப்படி வண்டிகளைச் சேர்த்து நடத்தும் அமைப்புக்குத் ‘திரட்டுநர்’. வலைப்பதிவுத் ‘திரட்டி’யை எல்லோரும் அறிவர், அந்த வேர் புரியும்.

‘ஐலண்டிங்’குக்கு, அதாவது தொகுப்பிலிருந்து பிரிந்த பகுதியில் மட்டும் மின்சாரம் ஓடிக்கொண்டிருப்பதற்கு, ‘தனித்தீவாதல்’. மின்தடையின்போது வண்டி விடாமல் கொடுத்துக்கொண்டிருந்தால், செத்த கம்பி என்று நம்பித் தொடும் பணியாளர் உயிருக்கே ஆபத்து. ஐஇஇஇ 1547 தரநிலை 2 நொடிக்குள் நிறுத்தச் சொல்கிறது.

அகராதிப் பதிவுக்கு இந்த வரைவு:

ஊர்தி–மின்தொகுப்புப் பரிமாற்றம் (பெ.): செருகப்பட்டு நிற்கும் ஊர்தியின் மின்கலம், மின்தொகுப்பின் ஏவலுக்கேற்ப இருதிசை மின்னேற்றி வழியே மின்சாரத்தைக் கொடுத்தும் வாங்கியும் அதிர்வெண்ணைச் சீராக்குதல். ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றல் இழப்பு உண்டு. எஞ்சின்வழி மின்னாக்கம் இதில் அடங்காது. ஒ.நோ.: ஏவல்வழி மின்னேற்றம், தனித்தீவாதல், திரட்டுநர்.